மூன்றாவது கேள்விக்குத் தயாராகுங்கள்: ஒரகடம் பக்கம் வேலை தேடும் ஒரு மெக்கானிக்கல் தம்பிக்கு

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. 2024இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தார். இரண்டு அரியர் விழுந்து, பிறகு கிளியர் செய்துவிட்டார். அதன்பின் ஒரு வருடம் சிவகாசியில் மாமாவின் லேத் பட்டறையில் "சும்மா" இருந்திருக்கிறார். அதை ரெஸ்யூமில் போடவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நான்கு இன்டர்வியூ. "செல்ஃப் இன்ட்ரோ நல்லாத்தான் சொல்றேன், அடுத்த ரெண்டு மூணு கேள்வியிலேயே அனுப்பிடறாங்க. இங்கிலீஷ்தான் பிரச்சினையா? அந்த ஒரு வருஷத்தை எப்படி மறைக்கிறது? கன்சல்டன்சியில பதினஞ்சாயிரம் கட்டுனா வேலை உறுதிங்கறாங்க, கட்டலாமா?" என்று கேட்கிறார்.

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன். டிரெய்னி எடுக்கும்போதெல்லாம் டெக்னிகல் பேனலில் உட்கார வைப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் வெளியேறும் இடம் செல்ஃப் இன்ட்ரோ இல்லை, தம்பி. உங்கள் இன்ட்ரோவை நான் கேட்காமலே சொல்லிவிட முடியும். பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது, பொழுதுபோக்கு கிரிக்கெட். ஒரு வாக்-இன் நாளில் காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை இதே இன்ட்ரோவை முகம் மட்டும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருப்போம். யாரோ ஒரு பிளேஸ்மென்ட் டிரெய்னர் எழுதிக் கொடுத்தது மாவட்டம் மாவட்டமாகப் பரவிவிட்டது போலிருக்கிறது. அதைக் கேட்டு யாரையும் நிராகரிப்பதில்லை. அந்த நேரத்தில் நாங்கள் உங்கள் ரெஸ்யூமைப் படித்துக்கொண்டிருப்போம். ஆள் தேர்வாவதும் போவதும் அதற்குப் பிறகு வரும் மூன்றாவது கேள்வியில்தான்.

எப்படி என்று ஒரு உதாரணம். ரெஸ்யூமில் "அளவீட்டுக் கருவிகளில் அறிவு உண்டு" என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். "வெர்னியர் யூஸ் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்பேன். பண்ணியிருக்கிறேன் என்பார். "லீஸ்ட் கவுன்ட்?" (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. என்று டக்கென்று வரும், பத்தில் எட்டுப் பேர் இதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்து: "25 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் பிளஸ் ஆர் மைனஸ் 0.01. வெர்னியர்ல அளந்து ஓகேன்னு அனுப்பலாமா?" (டாலரன்ஸ் என்பது அளவு கூடவோ குறையவோ விடும் வரம்பு.) அங்கேதான் அறை அமைதியாகும். லீஸ்ட் கவுன்ட்டை மனப்பாடம் செய்தவர் சீலிங்கைப் பார்ப்பார். ஒரு நாளாவது கையில் பிடித்து ஏதாவது அளந்தவர் யோசிப்பார்: மொத்த டாலரன்ஸே 0.02தானே, கருவியின் ஒரு கோடும் 0.02தானே, அப்புறம் அதில் எதைப் பார்த்து ஓகே சொல்வது? டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்காவது கருவி காட்ட வேண்டும் என்பது ஷாப் ஃப்ளோர் வழக்கம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. "வேணாம் சார், மைக்ரோமீட்டராவது வேணும், அதுவும் 0.001 காட்டுறது இருந்தா நல்லது" என்று சொன்னால் போதும். அவருக்கு வேலை என்றால் என்னவென்று தெரியும் என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

முதல் கேள்வி நீங்கள் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க. இரண்டாவது, படித்தது நினைவிருக்கிறதா என்று பார்க்க. அந்த அறிவை ஒரு முடிவெடுக்கப் பயன்படுத்துவீர்களா என்பதை மூன்றாவதில்தான் பார்க்கிறோம். நீங்கள் இரண்டோடு நின்றுவிடுகிறீர்கள். அதனால் தயாரிப்பு முறையையே மாற்ற வேண்டும். "டாப் 100 இன்டர்வியூ கேள்விகள்" வகையறா பி.டி.எஃப்.களை மூடி வையுங்கள். உங்கள் ரெஸ்யூமை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மூன்று படி கேள்வியை நீங்களே எழுதுங்கள். மூன்றாவது படியில் பதில் வராத வரி ஏதாவது இருந்தால், ஒன்று அதைப் படியுங்கள், இல்லை அந்த வரியை அடித்துவிடுங்கள். ரெஸ்யூம் ஒரு பக்கமாகச் சுருங்கும். சுருங்கட்டும். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, ஆன்சிஸ் என நான்கு சாஃப்ட்வேர் போட்டவரிடம் "கடைசியா எதுல என்ன வரைஞ்சீங்க?" என்று கேட்டால் முழிப்பதை வாரம் தவறாமல் பார்க்கிறோம். ஒரே ஒரு சாஃப்ட்வேர் எழுதி, அதில் வரைந்த டிராயிங்கின் பிரின்ட்டைக் கோப்பில் வைத்திருப்பவர் தனியாகத் தெரிவார்.

இங்கே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியது என்றால் பேனலுக்குத் தெரியும். அதே "சோலார் கிராஸ் கட்டர்", அதே "நியூமேட்டிக் பம்பர்" எங்கள் முன்னால் எத்தனை தடவை வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாங்கியது குற்றம் என்று நான் சொல்லப் போவதில்லை, கல்லூரிகளின் லட்சணம் அப்படி. ஆனால் வாங்கிய பொருளையாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த மோட்டார் என்ன வாட், ஏன் அந்த வாட், அந்த பேரிங்கின் நம்பர் என்ன, 6204 என்றால் உள் விட்டம் என்ன (20 மி.மீ., கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும்) என்று ஒரு வாரம் உட்கார்ந்தால் அது உங்கள் ப்ராஜெக்ட் ஆகிவிடும். பேனலில் யாராவது "இது வாங்கினதா?" என்று நேராகவே கேட்டால், "ஃபேப்ரிகேஷன் வெளியில கொடுத்தோம் சார், ஆனா இந்த இந்தப் பகுதி எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தெரிந்த பகுதிக்குப் போங்கள்.

இப்போது அந்த ஒரு வருடம். உண்மையைச் சொன்னால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் இருக்கும் ஒரே சரக்கை மறைத்துவிட்டு, இல்லாத சரக்கை விற்கப் போயிருக்கிறீர்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு வருடம் லேத் பட்டறையில் இருந்தவர் எங்கள் முன்னால் வருவதே அபூர்வம். பெரும்பாலானவர்கள் லேத்தைக் கடைசியாகப் பார்த்தது இரண்டாம் ஆண்டு லேபில், அதுவும் ஐந்து பேர் கூட்டத்தில் பின்னால் நின்று.

சிவகாசி என்றால் அச்சு இயந்திர வேலை நிறைய வந்திருக்குமே? ரோலர் ஷாஃப்ட்டின் ஜர்னல் (பேரிங்கில் உட்காரும் பகுதி) தேய்ந்து வந்தால் வெல்ட் அடித்து நிரப்பி மறுபடி கடைவது, கன்மெட்டல் புஷ் போடுவது, கீ-வே வெட்டுவது இதெல்லாம் நடந்திருக்கும். நீங்கள் கல்லாவில் மட்டுமே உட்கார்ந்திருந்தாலும் கண்ணால் பார்த்திருப்பீர்கள். இப்போது மாமாவிடம் திரும்பிப் போங்கள். இரண்டு வாரம் கூடவே நின்று ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேளுங்கள். வெல்ட் அடித்த பிறகு ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்? டயல் கேஜ் வைத்து ரன்-அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்க்கிறாரா, சாக்பீஸ் வைத்துப் பார்க்கிறாரா? புஷ்ஷை எவ்வளவு டைட்டாக விடுகிறார்? 50 மி.மீ. மைல்ட் ஸ்டீலை ஹெச்.எஸ்.எஸ். டூலில் கடைய என்ன ஆர்.பி.எம். வைக்கிறார்? கட்டிங் ஸ்பீடு நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்து, பை டி என் பை ஆயிரம் சூத்திரத்தில் போட்டால் சுமார் 190 வரும். மாமா சூத்திரம் தெரியாமலே அதற்குப் பக்கத்தில் இருக்கிற கியரைத்தான் போட்டிருப்பார். கார்பைடு டூல் மாட்டினால் வேகத்தைப் பல மடங்கு கூட்டலாம், ஆனால் பழைய லேத்தின் அதிர்வு தாங்குமா? இந்த உரையாடலை அப்படியே பேனல் முன்னால் வைத்தால், அங்கே இருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஆக, ரெஸ்யூமில் அதைப் போடுங்கள். "2024–25: லேத் பட்டறையில் வேலை, டர்னிங், புஷ் ஃபிட்டிங், கீ-வே, வேலை வாங்கும்போது அளவெடுத்தல், விலை போடுதல்." சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று இல்லையே என்று பயப்பட வேண்டாம்; டிரெய்னி வேலைக்கு அதை அனுபவமாகக் கணக்கிடச் சொல்லி நீங்கள் கேட்கப் போவதில்லை. "குடும்பப் பட்டறை, பி.எஃப். கிடையாது" என்று நேராகச் சொல்லிவிடலாம். மாறாக, இல்லாத கம்பெனியின் பெயரில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கி வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் யு.ஏ.என். எண்ணை (உங்கள் பி.எஃப். கணக்குகளுக்கான பொது எண்) போட்டால் எந்த நிறுவனம் எந்த மாதம் பி.எஃப். கட்டியது என்பது வரிசையாக வந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்து இது தெரிந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

அரியரைப் பற்றி ஒரு வரி போதும்: எத்தனை, எந்தப் பாடம், எப்போது முடித்தேன். காய்ச்சல், குடும்பப் பிரச்சினை என்று கதை நீளும்போதுதான் சந்தேகம் வருகிறது. ஒரே எச்சரிக்கை, எந்தப் பாடத்தில் விழுந்ததோ அதிலிருந்து ஒரு கேள்வி நிச்சயம் வரும். தெர்மோடைனமிக்ஸ் என்றால் தெர்மோடைனமிக்ஸைப் படித்துவிட்டு வாருங்கள்.

இனி செல்ஃப் இன்ட்ரோவை மாற்றலாம். ஒரு நிமிடம்; அப்பா தொழில், பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட இப்படி: "என் பெயர் இன்னது, சொந்த ஊர் சிவகாசி பக்கம். 2024இல் மெக்கானிக்கல் முடித்தேன். கடந்த ஒரு வருடம் என் மாமாவின் லேத் பட்டறையில் வேலை செய்தேன். பெரும்பாலும் அச்சு இயந்திர ஷாஃப்ட், ரோலர் ரிப்பேர். அங்கே ஒரே வேலை திரும்பத் திரும்ப ரிப்பேருக்கு வந்தபோது ஏன் வருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன், அதனால் தரக்கட்டுப்பாட்டில் ஆர்வம் வந்தது. உங்கள் நிறுவனம் மெஷினிங் பாகங்கள் செய்வதைப் பார்த்து விண்ணப்பித்தேன்." இதில் ஒவ்வொரு வாக்கியமும் பேனலுக்கு ஒரு கேள்வியை எடுத்துக் கொடுக்கிறது. "திரும்பத் திரும்ப வந்ததா, எந்த ஜாப்?" என்று கேட்காமல் இருக்கவே முடியாது. அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்பதை நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள்.

அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு சம்பவம் முழுசாகத் தயாராக இருக்க வேண்டும். என்ன நடந்தது, அதில் உங்கள் வேலை எது, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. இந்த நான்கும் இருக்கிற சம்பவங்கள் மூன்று போதும். பட்டறையில் ஒன்று, கல்லூரியில் ஒன்று, யாரோடாவது ஒத்துப்போகாமல் சமாளித்தது ஒன்று. "நாங்க பண்ணோம்" என்றே முழுக்கச் சொன்னால் "அதுல நீங்க என்ன பண்ணீங்க?" என்று வெட்டிக் கேட்பார்கள், அதையும் யோசித்து வையுங்கள். எண் இருந்தால் சொல்லுங்கள்: எத்தனை ஷாஃப்ட், எத்தனை நாள், எவ்வளவு பணம் மிச்சம். எண்ணை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள், எங்களுக்கு லேத் வேலையின் கூலி தெரியும்.

இப்படிச் சம்பவம் கேட்பது இன்றைக்கு வந்த ஃபேஷன் இல்லை. எல்லோரிடமும் ஒரே வகைக் கேள்வியை முறையாகக் கேட்டு மதிப்பெண் போடும் இன்டர்வியூ, வாய்க்கு வந்தபடி அரட்டை அடிக்கும் இன்டர்வியூவைவிடப் பின்னாளைய வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று 1998இல் ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இரு உளவியலாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து எழுதினார்கள். 2022இல் சாக்கெட்டும் அவருடைய குழுவும் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோதும் முறையான இன்டர்வியூ முதல் இடத்துக்கே வந்தது. நம் ஊர்ப் பேனல்கள் எல்லாம் இதைப் படித்துவிட்டு உட்காருகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய நிறுவனங்களில் ஹெச்.ஆர். கையில் மதிப்பெண் தாள் இருக்கும். நீங்கள் சொன்னதிலிருந்து அதில் எழுத ஏதாவது கிடைக்க வேண்டும். "நான் கடின உழைப்பாளி" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆங்கிலத்துக்கு வருகிறேன். ஐ.டி. கம்பெனி, வாடிக்கையாளரிடம் பேசும் வேலை என்றால் ஆங்கிலம் தப்ப முடியாத தேவை. லைன் இன்ஜினியர், க்வாலிட்டி, மெயின்டனன்ஸ் என்றால் பேனலில் பாதிப் பேர் உங்களைப் போலவே தமிழ் வழியில் வந்தவர்கள்தான், நானும் அப்படித்தான். எங்களுக்கு வேண்டியது மெயில் படிக்கத் தெரிய வேண்டும், ரிப்போர்ட் எழுதத் தெரிய வேண்டும், கஸ்டமர் ஆடிட் வரும்போது நாலு வார்த்தை பேச வேண்டும். அதனால் பொதுவாக "ஸ்போக்கன் இங்கிலீஷ்" படிப்பதைவிட, உங்கள் வேலையைப் பற்றி மட்டும் இருபது முப்பது எளிய வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி, போனில் பதிவு செய்து, கேட்டுத் திருத்துங்கள். இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் தொடங்குங்கள். சிக்கினால், "சார், இந்தப் பகுதியைத் தமிழ்ல விளக்கலாமா?" என்று அனுமதி கேட்டு மாறுங்கள். மறுப்பவர்கள் குறைவு. அனுமதி கேட்காமல் பாதி வாக்கியத்தில் மௌனமாகிவிடுபவர்களுக்குத்தான் எங்களால் உதவ முடிவதில்லை. பேனலில் வடக்கிலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் முடிந்தவரை ஆங்கிலத்திலேயே தொடருங்கள், உடைந்தாலும் பரவாயில்லை.

தெரியாத கேள்வி வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். "சி.பி.கே. என்றால் என்ன?" என்று கேட்டு உங்களுக்குத் தெரியவில்லை என்றால், "அது தெரியாது சார். ப்ராசஸ் டாலரன்ஸுக்குள்ள நிக்குதான்னு பார்க்கிற ஒரு கணக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்பது நல்ல பதில். வெறும் "தெரியாது சார்" சுமார். வாயில் வந்ததை அடித்து விடுவது மோசம், ஏனென்றால் அதற்கும் மூன்றாவது கேள்வி உண்டு. க்வாலிட்டி பக்கம் போவதாக இருந்தால் 7 க்யூ.சி. டூல்ஸ், ஒய்-ஒய் அனாலிசிஸ், போகா-யோகே, 5எஸ், எஃப்.எம்.இ.ஏ., ஐ.ஏ.டி.எஃப். 16949 இவை என்ன என்பதையும், ஒவ்வொன்றுக்கும் உங்கள் பட்டறையிலிருந்து ஓர் உதாரணத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) என்று எழுதியிருந்தால் ஜி00, ஜி01, எம்03, எம்06 என்ற கட்டளைகளையாவது. டிராயிங் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். வரைந்த முறை ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்டு ஆங்கிளா என்று சின்னத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

நிறுவனத்தைப் பற்றி என்ன படிப்பது? நிறுவனர் யார், எந்த ஆண்டு தொடங்கியது என்பதெல்லாம் எங்களுக்கே சரியாக நினைவிருக்காது. என்ன பாகம் செய்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், வார்ப்பா, ஃபோர்ஜிங்கா, ஸ்டாம்பிங்கா, மோல்டிங்கா, அந்த ப்ராசஸில் பொதுவாக என்ன டிஃபெக்ட் வரும், இவ்வளவு போதும். வார்ப்பு என்றால் ப்ளோ ஹோல், ஷ்ரிங்கேஜ். மோல்டிங் என்றால் ஷார்ட் ஷாட், ஃப்ளாஷ். இணையதளத்தில் கிடைக்காத விஷயங்களுக்கு கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் பஸ் வசதி, கேன்டீன், ஓவர்டைம், டிரெய்னிகளை நிரந்தரம் செய்கிறார்களா இல்லையா எல்லாம் தெரிந்துவிடும்.

வழக்கமான ஹெச்.ஆர். கேள்விகளில் நம் ஊருக்கென்றே இரண்டு உண்டு. ஒன்று, "கவர்மென்ட் எக்ஸாம் எழுதறீங்களா?" எழுதுகிறவராக இருந்தால் மறுத்துப் பொய் சொல்ல வேண்டாம், "குரூப் தேர்வு ஒருமுறை எழுதினேன், இப்போது அதற்காகத் தனியாகத் தயாராகவில்லை" என்று உண்மை எதுவோ அதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். இன்னொன்று, "ஊர் இவ்ளோ தூரமா இருக்கே, ஆறு மாசத்துல போயிடுவீங்களே?" தங்க இடம் எங்கே என்று முன்பே விசாரித்து வைத்திருந்தால் அதுவே பதில். நைட் ஷிப்டுக்குச் சம்மதமா என்று கேட்டால் சம்மதம் இருந்தால் மட்டும் சம்மதம் என்று சொல்லுங்கள்.

பெண்களிடம் வேறு ஒரு கேள்வி வருகிறது: "கல்யாணம் எப்போ?" கேட்கக் கூடாத கேள்வி. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும் அளவுக்குப் போனது. ஆனால் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பெண் சட்டம் பேசினால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. "அது என் வேலையைப் பாதிக்காது சார், ஷிப்ட் எனக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்புவதுதான் நான் பார்த்ததில் நன்றாக எடுபட்ட பதில். திரும்பத் திரும்ப அதையே குடைகிற இடம் எப்படிப்பட்டது என்பதை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

அன்றைய நாள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரகடம் போக அங்கிருந்து தாம்பரம் உள்ளே போக வேண்டியதில்லை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பிடித்துப் படப்பை தாண்டினால் வந்துவிடும். இரவு பஸ்ஸில் வந்து அப்படியே இன்டர்வியூவுக்குப் போகாமல், முடிந்தால் முதல் நாளே நண்பன் அறைக்கு வந்துவிடுங்கள். தூங்காத கண் மேசைக்கு இந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். கேட்டில் பதிவேடு, அடையாள அட்டை, பாஸ், கேமராவுக்கு ஸ்டிக்கர் என்று அரை மணி நேரம் போய்விடும், அதையும் சேர்த்துக் கணக்கிட்டு வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், ஷாப் ஃப்ளோருக்கு அழைத்துப் போனால் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோடுகளுக்குள் நடங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் கோட்டைத் தாண்டி ஓடுகிற மெஷின் பக்கம் கை நீட்டியவரை நாங்கள் எடுத்ததில்லை.

முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். "இல்லை சார்" என்று எழுந்துவிடாதீர்கள். எந்த லைன், முதல் மூன்று மாதம் என்ன வேலை என்று கேட்கலாம். கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட்டா, அப்ரென்டிஸா? மூன்றும் வெளியில் ஒரே சீருடைதான். 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி அப்ரென்டிஸ் என்பவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஸ்டைபண்டு உண்டு, முடிந்தபின் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அதற்காக அதை ஒதுக்கச் சொல்லவில்லை. தரமணியில் உள்ள தென்மண்டல அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம் வழியாகப் போகும் ஒரு வருடம், உங்களைப் போன்றவருக்கு நல்ல நுழைவாயிலாகவே இருக்கும். தெரிந்து போங்கள், அவ்வளவுதான்.

சம்பளப் பேச்சில் டிரெய்னிக்கு பேரம் பேச அதிக இடமில்லை. ஆனால் சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்லும் தொகை அப்படியே கைக்கு வராது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000. பேசிக் 12,500 என்று வைத்தால், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம் 1,500 ரூபாயும், கிராஜுவிட்டிக்காக 4.81 சதவீதம் சுமார் 600 ரூபாயும் அந்த 25,000-க்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. கையில் வருவது 21,400 பக்கம், அதிலும் தொழில் வரி, கேன்டீன், பஸ் பிடித்தம் தனி. போனஸ், இன்சென்டிவ் என்று ஒரு பகுதியை சி.டி.சி.க்குள் சேர்த்திருந்தால் இன்னும் குறையும். "டேக் ஹோம் எவ்வளவு சார்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அறை வாடகை, சாப்பாடு இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

பாண்டில் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது மச்சி" என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, அந்த வழக்கின் சூழலும் வேறு, எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் "சும்மா பேப்பர்தான்" என்று நினைத்துப் போடும் காலம் போய்விட்டது. அசல் சான்றிதழை வைத்துக்கொள்வோம் என்றால் மட்டும் மறுத்துவிடுங்கள். சரிபார்க்கக் காட்டலாம், கையோடு திருப்பி வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கொடுக்கலாம்.

கடைசியாக அந்தப் பதினைந்தாயிரம். கட்டாதீர்கள். ஒழுங்கான கன்சல்டன்சிக்குக் கூலி கொடுப்பது ஆள் எடுக்கும் நிறுவனம்தான், வேலை தேடுபவர் அல்ல. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், மெடிக்கல் ஃபீஸ், லேப்டாப் அட்வான்ஸ் என்று என்ன பெயர் வைத்துக் கேட்டாலும் அதே பதில்தான். எங்கள் கேட்டில் போலி ஆஃபர் லெட்டரோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். லெட்டர்ஹெட், சீல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், அனுப்பிய மெயில் ஐ.டி. மட்டும் ஜிமெயிலாக இருக்கும். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் இன்றைக்கே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள், தாமதமாகத் தாமதமாகப் பணத்தை முடக்குவது கஷ்டம். பணம் கட்டாமல் தேட வழிகள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்கள், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளம், அப்ரென்டிஸ் போர்ட்டல், அப்புறம் உங்கள் மாமாவின் பட்டறைக்கு வேலை கொண்டு வருகிற அச்சகங்களின் மெயின்டனன்ஸ் ஆட்கள். அவர்களில் யாராவது ஒருவருக்கு ஓசூரிலோ ஒரகடத்திலோ ஆள் தெரியாமல் இருக்காது. மாமாவிடம் கேட்கப் போகும்போது அதையும் கேட்டுவிடுங்கள்.